பேரப்பிள்ளை படை திரட்டுதாரு

ஏல, அந்த லேப்டாப்ப மூடிட்டு இங்கன வந்து உக்காரு. பயப்படாத, ஏச மாட்டேன். பேரன் நேத்துலேர்ந்து சரியாச் சாப்புடல, யாரோ ஒரு களவாணிப் பயலுக்குப் பாடம் படிச்சுக் குடுக்கப் போறானாம்னு ஒங்க ஆச்சி சொன்னா. நானும் பொம்பளப்புள்ள விவகாரமாக்கும்னு மனசுக்குள்ள சந்தோசப்பட்டேன். கடைசில பாத்தா ஈமெயில் விவகாரம். கொடுப்பினை இல்ல.

லண்டன்ல லாட்டரி விழுந்திருக்குன்னு ஒருத்தன் அனுப்புதான், வட்டியில்லாக் கடன்னு ஒருத்தன், முடி வளர மருந்துன்னு ஒருத்தன். இதுல முடி மருந்துக்காரன் மேல மட்டும் ஒனக்கு ஏன் இம்புட்டு ஆங்காரம்னு எனக்கு வெளங்குது. மண்டையப் பாத்து அனுப்பிருக்கான். சரி, அதுக்கு நீ என்ன திட்டம் போட்டிருக்க? அவன் ஒண்ணு அனுப்புனா நீ பத்தாயிரம் திருப்பி அனுப்புவ. அதுக்கு ஒரு புரோகிராம் எழுதிட்டிருக்க. ஒண்ணுக்குப் பத்தாயிரம்! நம்ம வம்சத்துல வாங்குனத இப்பிடிப் பெருக்கித் திருப்பிக் குடுத்தவன் எவனுமே கெடையாது. எங்கிட்ட போன வருசம் வாங்குன துட்டு விசயத்துலயும் இந்த ரோசத்தக் கொஞ்சம் காட்டுனா நல்லாருக்கும். அத அப்புறம் பேசுவோம்.

யாருக்குத் திருப்பி அனுப்பப் போற? அதச் சொல்லு மொதல்ல. "அதான் மேல அனுப்புநர் பேரு போட்டிருக்குல்லா தாத்தா"ங்க. ஏல கூறுகெட்டவனே, நான் இந்த ஊரு தபாலாபீசுல முத்திரை குத்தியே தேஞ்சவன். இன்லேண்டு லெட்டரப் பின்னால திருப்புனா, அனுப்புநர்னு அச்சடிச்சு நாலு கோடு போட்டிருக்கும். அந்த நாலு கோட்டுல எவன் பேர வேணும்னாலும் எழுதலாம். என்னைக்காவது நான் தபால்பெட்டியத் தொறந்து, "ஏய்யா, நீ நெசமாவே அந்தாளுதானா"ன்னு எவனையும் கேட்டிருக்கனா? தேதி முத்திரையக் குத்துனேன், பையில போட்டேன், அம்புட்டுத்தான். ஒங்க மெயிலும் அதே கததான். 1982-ல அமெரிக்காவுல ஜான் போஸ்டல்னு ஒருத்தர் எழுதி வச்ச விதியிலதான் இன்னைக்கும் ஓடுது. அனுப்புதவன் யாருன்னு சோதிக்க அதுல ஒண்ணுமே இல்ல. அன்னைக்கி அதுல இருந்தவனுவ பூரா ஒருத்தன ஒருத்தன் தெரிஞ்ச ஆராய்ச்சிக்காரனுவ, அதனால பூட்டு வேண்டாம்னு விட்டுட்டானுவ. எஸ்பிஎஃப், டிகேஐஎம்னு சோதன எல்லாம் பொறவு வந்து ஒட்டுனதுதான். நீ நம்பி அடிக்கப் போற அந்த அனுப்புநர் பேரு, அவனுக்குக் கையில கெடச்ச ஏதோ ஒரு பேரு. ஒன் பேராவும் இருக்கலாம். இப்பவே எவனோ ஒருத்தன் போலந்துலயோ பொலிவியாவுலயோ உக்காந்து ஒன் பேரப் பாத்துப் பல்லக் கடிச்சுட்டு, ஒனக்குப் பத்தாயிரம் அனுப்பப் புரோகிராம் எழுதிட்டிருப்பான். அவனுக்கும் ஒரு தாத்தா இருந்தா நல்லது.

பேரு பொய்யின்னா, மெயில் பொறப்பட்ட கம்ப்யூட்டரக் கண்டுபிடிச்சு அடிப்பேங்கியா? கண்டுபிடி. கண்டுபிடிச்சா, அது ஏதோ ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டுக் கம்ப்யூட்டரா இருக்கும். அந்தம்மா பேத்தி போட்டோவத் தொறக்கப்போயி ஒரு வைரஸ் ஏறிருக்கும். அந்த வீட்டுக் கரண்ட்டுல, அந்த வீட்டு இண்டர்நெட்டுல, அந்தம்மா ஒறங்குத நேரத்துல அது ஊரு ஒலகத்துக்கெல்லாம் மருந்து வித்துட்டிருக்கும். இப்பிடி லட்சக்கணக்குல கம்ப்யூட்டரக் கட்டி மேய்க்கதுக்கு பாட்நெட்டுன்னு பேராம். நீ அடிச்சா அடி யாருக்கு? டீச்சரம்மாவுக்கு. களவாணிக்குச் சேதம் என்ன? ஒண்ணுமில்ல. அவனுக்குச் சொந்தமா ஒரு வயருகூடக் கெடையாது, நீ எதல போயி ஒடைப்ப?

நீ கோவப்பட்டு "டேய் நாயே"ன்னு ஒரு வரி பதில் போட்டா அவனுக்கு என்ன ஆகும் தெரியுமா? மனசு நொந்து, தொழில விட்டுட்டுக் காசிக்குப் போயிருவான்னு நெனச்சியா? அவங்கிட்ட இருக்கது கோடிக்கணக்குல முகவரி. அதுல நெறைய செத்தது. எது உசுரோட இருக்குன்னு தெரியாமத்தான் அவன் முழிச்சுட்டிருக்கான். நீ போயி "நான் இருக்கேன்! மெயிலத் தொறக்கேன்! முழுசாப் படிக்கேன்! படிச்சுட்டு ஒறக்கங்கெட்டு ஒக்காந்திருக்கேன்!"னு கையெழுத்துப் போட்டுக் குடுக்க. அதுக்கு மேல அவனுக்கு என்ன வேணும்? மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுல ஒரு படத்தச் சொருகி, நீ தொறந்தியா இல்லையான்னு வேவு பாக்கானுவ. அம்புட்டு மெனக்கெட்டு வாங்குத சேதிய நீ ஓசில, வசவோட சேத்துக் குடுக்க.

அவன் வியாபாரம் எப்பிடி நடக்குன்னு கேளு. 2008-ல கலிபோர்னியா யுனிவர்சிட்டிக்காரங்க கொஞ்சப் பேரு, ஸ்டார்ம்னு ஒரு பாட்நெட்டுக்குள்ள நைசா நொழஞ்சு கணக்கெடுத்தாங்க. மருந்து விக்குத மெயில் ஏறக்கொறைய 35 கோடி போயிருக்கு. 26 நாளு. எத்தன பேரு வாங்க வந்தான்கிற? 28 பேரு. கோடி இல்லல, லட்சம் இல்ல, இருபத்தெட்டுத் தல. நம்ம ஊரு டீக்கடைல காலைல அதவிடக் கூட்டம் நிக்கும். அந்த 28-அ நம்பி அவன் கடை நடத்துதான். மிச்சம் 35 கோடியும் காறித் துப்புனாலும் தொடச்சுட்டுப் போறதுக்குத் தயாராத்தான் கடையத் தொறந்திருக்கான். இதுல ஒன் ஒரு துப்பு அவன் கண்ணுல படும்னு நெனைக்க பாரு, அந்த நம்பிக்கைக்கே ஒனக்கு ஒரு மால போடணும்.

நீ மொதல் ஆளு இல்லப்பா. ஒன்னவிடப் பெரிய வீரனுவ எல்லாம் கெளம்பிப் பாத்தானுவ. 2004 கடைசில லைக்கோஸ் யூரோப்புன்னு ஒரு பெரிய கம்பெனி ஒரு ஸ்கிரீன்சேவர் விட்டுச்சு. நீ கம்ப்யூட்டரச் சும்மா வச்சிருக்குத நேரத்துல அது ஸ்பேம்காரன் வெப்சைட்டப் போயி ஓயாமத் தட்டிட்டே இருக்கும். அவனுக்குச் செலவு ஏறும், அதான் திட்டம். ஜனங்க விழுந்தடிச்சு எறக்கிக்கிட்டாங்க. ஒரு ஸ்பேம்காரன் என்ன பண்ணான்? தன் வாசல்ல வந்து தட்டுத அம்புட்டு பேரையும் அப்பிடியே லைக்கோஸ்காரன் வாசலுக்கே திருப்பிவிட்டுட்டான். ஆச்சா? அடுத்து, அந்த ஸ்கிரீன்சேவர் பேரச் சொல்லியே ஒரு வைரஸ் மெயிலு கெளம்பிச்சு. ஸ்பேம்காரனப் பழிவாங்க வாங்கன்னு கூப்புட்டா எவன் வருவான்னு களவாணிக்குத் தெரியாதா? டிசம்பர்லயே லைக்கோஸ் கடையச் சாத்திட்டாங்க.

அது கொசுறு. பெரிய யுத்தம் நீலத்தவள யுத்தந்தான், அதக் கேளு.

இஸ்ரேல்ல ப்ளூ செக்யூரிட்டின்னு ஒரு கம்பெனி. ஒன்ன மாதிரியே படிச்ச பயலுவ, ஒன்ன மாதிரியே ரோசக்காரனுவ. ப்ளூ ஃபிராக்னு ஒரு சாமான் பண்ணானுவ. நீ அத ஒன் கம்ப்யூட்டர்ல போட்டுக்கிடணும். ஒனக்கு ஒரு ஸ்பேம் வந்தா, அது எந்தக் கடைக்கு விளம்பரமோ அந்தக் கடையோட வெப்சைட்டுக்குப் போயி, "என்னய விட்டுருங்க"ன்னு ஒரு மனு போட்டுட்டு வரும். ஒரு மெயிலுக்கு ஒரு மனு, கணக்கு நேர்ம. ஆனா சேந்திருந்தது அஞ்சு லட்சம் பேருக்கு மேல. அம்புட்டு மனுவும் ஒரே நேரத்துல போயி விழுந்தா கடை தாங்குமா? முழி பிதுங்கிச்சு. கூடவே ஸ்பேம்காரனுவளுக்கு ஒரு வழியும் வச்சிருந்தானுவ. எங்க ஆளுவ பட்டியல் இது, ஒங்க பட்டியல்லேர்ந்து இவங்கள எடுத்துருங்க, நாங்களும் சும்மா இருக்கோம்னு. பட்டியல வெளிப்படையாக் குடுக்கல, யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வச்சிருந்தானுவ. கொஞ்சப் பேரு சமாதானமாவும் போனானுவன்னு கம்பெனி சொல்லிக்கிட்டுச்சு.

நல்லாத்தான போகுதுன்னு கண்ணு மின்னுதோ? இரு.

2006 மே மாசம் மொத தேதி. அந்த அஞ்சு லட்சத்துல பல பேருக்கு ஒரு மெயில் வருது. தவளைய விட்டு வெலகு, இல்லன்னா இப்ப வாறதப் போல இருவது நாப்பது மடங்கு வரும்னு மெரட்டல். பூட்டி வச்ச பட்டியல் அவனுக்கு எப்பிடிக் கெடச்சுதுன்னு கேளேன். சின்னப்புள்ள கணக்கு. அவங்கிட்ட இருந்த பட்டியலக் கம்பெனி சொன்ன மாதிரியே சுத்தம் பண்ணான். பண்றதுக்கு முந்தி இருந்ததையும் பிந்தி இருந்ததையும் பக்கத்துல வச்சுப் பாத்தான். எந்தப் பேரெல்லாம் காணாமப் போச்சோ அவனுவதான் தவளக்காரனுவ. என்னய விட்டுருங்கன்னு மனுப் போட்டவன் பேருதான் மொதல்ல சிக்கிச்சு. ஃபார்மாமாஸ்டர்னு ஒரு பட்டப்பேரத் தவிர அவன் யாருன்னு அடிபட்டவங்களுக்கு அன்னைக்கித் தெரியாது.

அடுத்து கம்பெனி மேலயே பாய்ஞ்சான். ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்குல அவங்கிட்டதான் கெடக்கே, பூராத்தையும் ஏவி விட்டு வெப்சைட்ட அடிச்சுப் படுக்க வச்சான். கம்பெனிக்காரனுவ அவசரத்துல ஒரு காரியம் பண்ணானுவ. தங்க வெப்சைட் பேரத் தேடி வாறவனெல்லாம் டைப்பேடுங்கிற எடத்துல தாங்க எழுதிட்டிருந்த பக்கத்துக்குப் போகட்டும்னு திருப்பிவிட்டானுவ. ஆளுவளும் அங்க போனாங்க, அடியும் அங்க போச்சு. டைப்பேடும், லைவ்ஜர்னல்னு அதே மாதிரி இன்னொரு எடமும் அப்ப ஒரே கம்பெனிது, சிக்ஸ் அபார்ட்டுன்னு. ரெண்டும் மணிக்கணக்கா விழுந்து கெடந்துச்சு. லட்சக்கணக்கான ஜனம், கவித எழுதுனவன், காதலிக்கு எழுதுனவன், பூன படம் போட்டவன், எவனுக்கும் எதுக்கு விழுந்துச்சுன்னே தெரியல. டூக்கோசுன்னு, வெப்சைட் பேரு பதிஞ்சு குடுக்குத கம்பெனி, அவனுக்கும் சேத்து விழுந்துச்சு. தவளைக்கும் அவனுவளுக்கும் என்னல சம்பந்தம்? மூணாவது வாரத்துலயே ப்ளூ செக்யூரிட்டிக்காரன், எங்க சண்டைல ஊரு ஒலகமே அழிய நாங்க காரணமா இருக்க மாட்டோம்னு சொல்லிக் கடையக் கட்டிட்டான். மானஸ்தன். அந்த அஞ்சு லட்சத்துல பல பேருக்கு இன்பாக்ஸ் நெறஞ்சதுதான் மிச்சம். அவனுவகிட்ட கம்பெனி இருந்துச்சு, துட்டு இருந்துச்சு, அஞ்சு லட்சம் ஆளு இருந்துச்சு. ஒங்கிட்ட என்ன இருக்கு? ஒரு லேப்டாப்பு, அதுலயும் சார்ஜு நிக்காது.

ஒனக்குள்ள ஓடுதது தெரியுது. நம்ம என்ன சரவெடியா போடப்போறோம், சின்னதா ஒரு வெளாட்டு வெளாடுவோம், அவ்வளவுதானங்க. அதையும் ஆடிப் பாத்தாச்சு. 2002-ல அமெரிக்காவுல ஆலன் ரால்ஸ்கின்னு ஸ்பேமுலயே கொழுத்த ஒருத்தன். புது வீடு கட்டிருக்கான்னு பத்திரிகைல வந்துட்டு. இண்டர்நெட்டுல இருந்தவனுவ வீட்டு விலாசத்தக் கண்டுபிடிச்சு, இருக்குத கேட்டலாக், விளம்பரம், ஓசிப் பத்திரிகை அம்புட்டுக்கும் அவன் பேரக் குடுத்துட்டானுவ. மூட்டமூட்டையா வந்து விழுந்துச்சு. படிச்சுட்டு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், இல்லங்கல. ஆனா அந்த மூட்டைய தெனமும் தோள்ல தூக்கிட்டு வந்தவன் யாரு? தபால்காரன். அவன் என்ன பாவம் பண்ணான்? அதப் பத்தி எவனும் ஒரு வரி எழுதல. ரால்ஸ்கி அதுக்குப் பொறவும் அதே தொழிலத்தான் பண்ணான். சைனாக்காரன் கம்பெனிப் பங்க பொய்மெயில் விட்டு வெலையேத்தி வித்தான்னு அரசாங்கம் வழக்குப் போட்டு, 2009-ல 51 மாசம் உள்ள வச்சப்பதான் அடங்குனான். அந்த வழக்க நடத்துனவங்க கேட்டலாக் ஒண்ணும் அனுப்பல. ஒக்காந்து கணக்குப் புஸ்தகத்தப் பொரட்டுனாங்க.

வக்கீல் தம்பதி கதையும் அதான். 1994 ஏப்ரல்ல அரிசோனாக்காரனுவ, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வக்கீல், கேண்டர் ஒருத்தர், சீகல் ஒருத்தர். கிரீன் கார்டு லாட்டரின்னு, யூஸ்நெட்டுங்கிற அந்தக் காலத்து அரட்டக் களத்துல ஆயிரக்கணக்கான குழுவுல விளம்பரத்தக் கொட்டிட்டாங்க. கொந்தளிச்ச ஜனம் திருப்பிக் கொட்டுன மெயில்ல இவங்களுக்கு இண்டர்நெட் குடுத்த கம்பெனி சர்வர்தான் திரும்பத் திரும்பப் படுத்துச்சு, கூடவே அந்தக் கம்பெனியோட மத்த வாடிக்கக்காரன் மெயிலும் போச்சு. வக்கீலம்மாவும் அய்யாவும்? கெடச்ச பேர வச்சு, இண்டர்நெட்டுல சம்பாதிக்கது எப்பிடின்னு ஒரு புஸ்தகம் போட்டாங்க! ஏசுனவன் எல்லாம் சேந்து ஓசி விளம்பரம் பண்ணிக் குடுத்தான். 1997-ல டென்னசில கேண்டரோட வக்கீல் பட்டத்தப் பறிச்சாங்க, அதுக்குச் சொன்ன காரணத்துல இந்த விளம்பரமும் ஒண்ணு. யாரோ அவயம் போடாம ஒக்காந்து ஒழுங்கா ஒரு புகாரு எழுதிருக்கான்.

இதெல்லாம் எதிராளி யாருன்னு தெரிஞ்சு அடிச்ச கத. தெரியாம அடிச்சா என்ன ஆகும்ங்கதுக்கு ஜோன்னு ஒரு அப்பாவி இருக்கான். ஓசியா வெப்சைட் வச்சுக் குடுத்துட்டிருந்தான். அதுல ஒருத்தன் ஸ்பேம் அனுப்புனான்னு அவன வெளியேத்துனான், ஒழுங்கான மனுசன். வெளிய போன பய 1997 தொடக்கத்துல ஜோ அனுப்புத மாதிரியே ஊருக்கெல்லாம் ஸ்பேம் விட்டான். வாங்குனவங்க சும்மாருப்பாங்களா? ஒன்ன மாதிரி வீரனுவ நாலா பக்கமும் கெளம்பி ஜோவ அடிச்ச அடில அவன் வெப்சைட் படுத்துட்டு. எல்லாரும் வெற்றி வெற்றின்னு படுக்கப் போயிருப்பானுவ. களவாணி என்ன செலவு பண்ணான்? ஒரு மெயிலு. மிச்ச வேலைய நியாயவான்கள் பாத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு. ஒங்கப்பன் சொல்ல மாட்டான், நான் சொல்லுதேன். 2003-ல கலிபோர்னியாவுல ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரு, விளம்பரம் தாங்க முடியாம, அனுப்புனவனக் கொன்னுருவேன், அத அறுத்துருவேன், இத அறுத்துருவேன்னு எழுதிப் போட்டாரு. போலீஸ் வந்து பிடிச்சது யாரன்னு நெனைக்க? இன்ஜினியரத்தான். நம்ம நாட்டுலயும் ஐடி சட்டம் 66-ன்னு ஒண்ணு இருக்கு. அடுத்தவன் கம்ப்யூட்டர வேணும்னே மொடக்குனா மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 5 லட்சம் வரைக்கும் அவராதம், இல்ல ரெண்டும். அவன் களவாணி, அதனால மொடக்கலாம்னு அதுல எங்கயும் எழுதல. பாளையங்கோட்டை ஜெயில்ல ஒன்னப் பாக்க வர எனக்கு முட்டு வலி விடாது, சொல்லிட்டேன்.

பின்ன, பதில் போட்டு அலையவிட்டு, லாட்டரிக்காரன் நேரத்த வீணாக்கப் போறேன்னு ஒன் கூட்டாளி சொன்னான்லா, அதையும் கேட்டேன். அவன் நேரமும் வீணாப்போகும், நெசந்தான். ஒன் நேரம்? பெரிய அதிகாரி விதவ, கோடிக்கணக்குல தங்கம்னு அப்பிடியொரு புளுகு ஏன் எழுதுதான் தெரியுமா? 2012-ல மைக்ரோசாப்ட்டுல ஒரு ஆராய்ச்சிக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னாரு. அம்புட்டு புளுகையும் நம்புத அப்பிராணி மட்டும் பதில் போட்டாப் போதும், வெவரமானவன் தன்னால ஒதுங்கட்டும்னுதான். ஒதுங்கச் சொல்லி அவனே மருவாதியா வாசல்ல எழுதி வச்சிருக்கான், நீதான் உள்ள போயி ஒக்காருவேங்க. அதோட, ஒனக்குப் பதில் எழுதுத கை யாரு கைன்னு பாரு. 2022-ல தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலன்னு ஏமாத்திக் கூட்டிட்டுப்போயி, மியான்மர்ல மியாவாடி பக்கம் அடச்சு வச்சு, அடிச்சு, ஆன்லைன் மோசடி வேல வாங்குனானுவ. அதுலேர்ந்து தப்பிச்ச நம்ம தமிழ்நாட்டுப் பயலுவ அந்த அக்டோபர்ல மெட்ராஸ் ஏர்போட்டுல வந்து எறங்குனத டிவில பாத்தேன். ஒவ்வொருத்தன் மூஞ்சியும் ஒன் வயசு. நீ பச்ச பச்சையா எழுதுத வசவ அந்த மாதிரி ஒரு பய படிச்சுட்டு, "தமிழ்ல ஏசுதான், நம்ம ஊருக்காரன்"னு கண்கலங்கிருப்பான்.

அப்பம் என்னதான் பண்ணங்க? நீ பண்ணாட்டாலும் பண்ணுதவங்க இருக்காங்க. 2008 நவம்பர்ல சான் ஹோசேல மெக்கோலோன்னு ஒரு கம்பெனி. பாட்நெட்டு மேய்க்கவனுவளுக்கெல்லாம் எடம் குடுத்துட்டிருந்தான். பிரையன் கிரெப்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் ஆதாரத்தத் தெரட்டி, மெக்கோலோவுக்கு இண்டர்நெட் குடுக்குத பெரிய கம்பெனிக்காரங்ககிட்ட காட்டுனாரு. அவங்க வயரப் புடுங்குனாங்க. ஒரே நாள்ல ஒலகத்துல ஓடுன ஸ்பேமுல பாதிக்கு மேல நின்னுபோச்சு. கொஞ்ச மாசத்துல வேற எடம் பாத்துத் திரும்ப வந்துட்டானுவ, அது வேற. ஆனா ஒருத்தனும் ஒருத்தனையும் அடிக்கல பாத்தியா? ஒன் பங்குக்கு அந்த ஸ்பேம் பொத்தான அமுக்கு. அது போயிக் கணக்குல சேரும், அடுத்தவனுக்கு வராம இருக்க ஒதவும். துட்டு பறிபோயிருந்தா சைபர் குத்த ஒதவி நம்பரு 1930-க்குப் போனப் போடு. மத்தபடி, போயி சோறு தின்னு. ஆச்சி மீங்கொழம்பு வச்சிருக்கா.

நில்லு, ஒரு நிமிசம். போறதுக்கு முந்தி எனக்கு ஒரு ஒதவி. 2024-லேர்ந்து ஜிமெயிலும் யாகூவும் ஒரு சட்டம் வச்சிருக்கு. மொத்தமா அனுப்புத கம்பெனிக்காரன், வேண்டாம்னா ஒரே அமுக்குல வெலகுத மாதிரி வழி வைக்கணும்னு. நல்ல சட்டம். ஒரு கம்பெனிக்காரன் எனக்கு வாராவாரம் அனுப்பிட்டேருக்கான், சலுக விலைல சாப்ட்வேராம். நானும் வெலகு வெலகுன்னு அமுக்கிட்டேருக்கேன், கேக்க மாட்டேங்கான். பழிவாங்கலாம்னு எனக்கும் கையி ஊறுது. ஆனா அடில கையெழுத்துப் போட்டிருக்குதவன் பேரப் படிச்சுட்டுத்தான் பொறுத்துட்டேன். மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்னு போட்டு, முழுப்பேரும் இனிசியலும் போட்டிருக்கான். அந்த இனிசியல் என் பேரோட மொத எழுத்துல. அவன்கிட்ட கொஞ்சம் சொல்லி எடுத்துவிட முடியுமா?